மணமுறிவும் கட்சி மாற்றமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்கு 41 வயது. என் மணவாழ்க்கை போன ஆண்டு சட்டப்படி முடிந்தது. சேர்ந்து இருந்தவரை நானும் மனைவியும் ஒரே கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டோம். இப்போது அந்தக் கட்சி பேசுவது எதுவும் எனக்கு ஒட்டவில்லை. எதிர்த்தரப்பின் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். "மனைவி மேல இருக்கிற கோபத்தைக் கட்சி மேல காட்டுற" என்கிறார்கள் பழைய நண்பர்கள். அமெரிக்காவில் மணமானவர்கள் ஒரு பக்கமும் மற்றவர்கள் இன்னொரு பக்கமும் சாய்கிறார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் கொள்கை என்று நான் நினைத்ததெல்லாம் வெறும் குடும்ப நிலைதானா? இத்தனை வருடம் நான் நம்பியது என்னுடையதா, அவளுடையதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்தது சரிதான். 2012 அமெரிக்க அதிபர் தேர்தலில், ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பில் மணமானவர்களில் 56 சதவீதம் பேர் குடியரசுக் கட்சியின் ராம்னிக்குப் போட்டதாகச் சொன்னார்கள். மற்றவர்களில் 62 சதவீதம் பேர் ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவுக்கு. பெண்களை மட்டும் பார்த்தால் மணமானவர்களில் 53 சதவீதம் ராம்னி பக்கம், மணமாகாதவர்களில் 67 சதவீதம் ஒபாமா பக்கம். அந்தத் தேர்தலில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தைவிட இது பெரியது.

ஆனால் தாலியோ மோதிரமோ வந்து ஓட்டை மாற்றியது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. "மணமாகாதவர்" என்ற அந்த ஒரே கட்டத்துக்குள் 20 வயது மாணவரும், கணவரை இழந்த 75 வயது மூதாட்டியும், மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களும், நீங்களும் அடக்கம். மதப்பற்று உள்ளவர்கள் சீக்கிரம் மணம் செய்துகொள்கிறார்கள். கொஞ்சம் சேமிப்பு உள்ளவர்களுக்கு மணம் எளிதாக நடக்கிறது. வயதானவர்களில் மணமானவர்கள் அதிகம். திருமணத்தின் கணக்கில் எழுதப்படும் சாய்வில் ஒரு பகுதி உண்மையில் வயதுக்கும் வருமானத்துக்கும் மதத்துக்கும் சேர வேண்டியது.

மீதி இருக்கிறதல்லவா, அதுதான் உங்கள் கேள்விக்கு உரியது. லேனா எட்லண்ட், ரோகிணி பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் 2002இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்கப் பெண்கள் ஏன் இடதுசாரிப் பக்கம் நகர்ந்தார்கள் என்பது அதன் கேள்வி. மணவாழ்வு குறைந்துவருவதும் மணமுறிவும் அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்றார்கள். தர்க்கம் எளிது. சேர்ந்திருக்கும்வரை இருவர் வருமானமும் ஒரே வீட்டுக்குள் பகிரப்படுகிறது. பிரிந்ததும் பெரும்பாலும் பெண்ணின் கை காலியாகிறது, ஆணின் கையில் கொஞ்சம் கூடுகிறது. அரசின் உதவி ஒருவருக்குத் தேவையாகிறது, வரி இன்னொருவருக்கு உறுத்துகிறது. நேற்றுவரை ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே மாதிரிப் பேசிய இருவரும் இன்று எதிரெதிரே நிற்பார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை.

ஆகவே உங்கள் நிலை மாறியதால் உங்கள் பார்வை மாறியிருந்தால் அதில் கேவலம் ஒன்றும் இல்லை. தனியாக வாடகை கட்டுகிறவருக்கும், பிள்ளையை வாரம் ஒருமுறை மட்டும் பார்க்க முடிகிறவருக்கும் முன்பு கண்ணில் படாத சட்டங்கள் கண்ணில் படும். அப்படிக் கண்ணில் பட்டது உண்மையாகவும் இருக்கலாம்.

"என்னுடையதா, அவளுடையதா" என்று கேட்கிறீர்கள். ஒரு ஆண் இதைக் கேட்பது அபூர்வம், அதற்காகவே உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். 1940 அமெரிக்கத் தேர்தலின்போது ஓஹியோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் சமூகவியலாளர் பால் லசார்ஸ்ஃபெல்ட் குழுவினர் வாக்காளர்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்துப் பேசினார்கள். கணவன் ஓட்டும் மனைவி ஓட்டும் வேறுபடுவதே அரிது என்று கண்டார்கள். மனைவிகள் கணவரோடு அரசியல் பேசியதைச் சொன்னார்கள், கணவர்கள் மனைவியோடு பேசியதாக அனேகமாகச் சொல்லவே இல்லை. கருத்து ஒரு திசையில் மட்டும் பாய்வதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சட்டமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. 1918இல் பிரிட்டன் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தபோது, 30 வயது நிரம்பிய பெண்ணுக்குச் சொந்தத்தில் சொத்துத் தகுதி இருக்க வேண்டும், அல்லது கணவருக்கு இருக்க வேண்டும் என்று வைத்தது. இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது சுமார் 28 லட்சம் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்திருந்தார்கள். அந்தப் பதிவுகளை நீக்க வேண்டியதாயிற்று. அத்தனை பேருக்கும் ஓட்டு போயிற்று. என் மனதை இன்றும் கனக்கச் செய்யும் செய்தி இது.

உங்கள் முன்னாள் மனைவியிடமிருந்து நீங்கள் எதையாவது பெற்றிருந்தால் அது அவருடைய சிந்தனைக்கான மரியாதை. அதை இப்போது திருட்டுப் பொருள் போலப் பார்க்க வேண்டாம். அவரும் உங்களிடமிருந்து எடுத்திருப்பார்.

அப்புறம், ஒரே கட்சியாக இருப்பதுதான் மணவாழ்வின் இயல்பு என்றும் நினைக்காதீர்கள். ஈட்டன் ஹெர்ஷ், யாயிர் கிட்சா இருவரும் அமெரிக்க வாக்காளர் பதிவுகளைப் பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், பத்துத் தம்பதிகளில் மூன்று தம்பதிகளுக்குக் கட்சிச் சார்பு பொருந்தவில்லை. நேரெதிர்க் கட்சிகள் அதில் மூன்றில் ஒரு பங்குதான், மற்றவற்றில் ஒருவராவது எந்தக் கட்சியையும் சாராதவர்.

கட்சியே வீட்டைப் பிளந்த கதையும் உண்டு. கேரளத்தில் கௌரி அம்மாவும் டி.வி. தாமஸும் 1957 அமைச்சரவையில் இருவருமே அமைச்சர்கள், அந்த ஆண்டே மணம் செய்துகொண்டார்கள். 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தபோது அவர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். மணவாழ்வு தாங்கவில்லை. 1967இல் இருவரும் மறுபடி ஒரே அமைச்சரவையில் அமர்ந்தார்கள், வேறு வேறு கட்சிகளின் அமைச்சர்களாக. அங்கே கட்சி முதலில் உடைந்தது. உங்களுக்கு வீடு முதலில் உடைந்திருக்கிறது. கௌரி அம்மாவுக்குத் தான் ஏன் அந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை, உங்களுக்கு இருக்கிறது. நண்பர்கள் சொல்வதில் நான் கவனிக்கச் சொல்வது அதை மட்டும்தான்.

கோபம் எங்கே வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. புதிய தரப்பு சொல்வதில் எவையெவை உங்கள் முன்னாள் மனைவியைக் குத்துகின்றனவோ அவற்றை ஒதுக்கி வையுங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கூலி, நிலம் என்று உங்கள் வழக்கோடு சம்பந்தமே இல்லாதவற்றில் அவர்கள் என்ன சொல்கிறார்கள்? அதிலும் உங்கள் மனம் ஒப்புகிறதா? ஒப்பினால் தயங்காமல் போங்கள், நண்பர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு பற்றிய பேச்சுக்கு மட்டும்தான் கை தட்டுகிறீர்கள் என்றால் கொஞ்ச நாள் பொறுங்கள். காயத்தோடு வருகிற ஆண்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் கோபத்தைப் பெண்கள் எல்லோர் மீதும் திருப்பிவிடுகிற கூட்டங்கள் இன்று எல்லா நாட்டிலும் இருக்கின்றன. நீங்கள் அங்கே போய்ச் சேருவதை நான் விரும்பவில்லை.

அடுத்த கூட்டத்தில், உங்களுக்கு உடன்பாடில்லாத ஒன்றை எழுந்து கேளுங்கள். உங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்