வேகம் கூட்டினால் மட்டும் படகு எஞ்சின் சூடேறுகிறதே, தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்பக் குளிர்நீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) மாற்றலாமா?

அவசரப்படாதீர்கள். மெதுவாக ஓடும்போது சரியாக இருக்கிறது என்றால், பெரும்பாலும் எஞ்சினைக் குளிர்விக்கும் கடல் தண்ணீர் போதவில்லை. புகையோடு தண்ணீரும் வெளியேறும் எஞ்சின் என்றால் அது எவ்வளவு கொட்டுகிறது என்று முதலில் பாருங்கள். குறைவாக இருந்தால் எஞ்சினை நிறுத்தி, கடல் தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடிவிட்டு வடிகட்டியைத் திறங்கள். பாசியோ பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கும். அப்புறம் பம்பிலுள்ள ரப்பர் இம்பெல்லரை, அதாவது தண்ணீரைத் தள்ளும் இதழ்கள் கொண்ட சக்கரத்தைப் பாருங்கள். இதழ் ஒன்று உடைந்திருந்தால் புதிதை மாட்டியதோடு விட்டுவிடக் கூடாது. உடைந்த துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கடல் தண்ணீரால் எஞ்சினின் குளிர்நீரை ஆற்றும் பாகம்) வாயில் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். தேடி எடுத்தே ஆக வேண்டும். பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

தண்ணீர் நன்றாகவே வருகிறதா? எக்ஸ்சேஞ்சர் குழாய்களில் உப்புப் படிந்திருக்கலாம், கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அதிலுள்ள மற்ற உலோகம் அரிக்காமல் இருக்கத் தான் கரையும் துத்தநாகத் துண்டு பாதி கரைந்திருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். அதுவும் சரி என்றால் படகின் அடியில் சிப்பி ஒட்டியிருக்கிறதா, புரொப்பெல்லரில் கயிறு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சுமை கூடினாலும் சூடேறும்.