பானையில் கற்கண்டு, பாத்தியில் உப்பு

கேள்வி: எங்கள் பக்கம் பதநீரைப் பாகு பதத்துக்குக் காய்ச்சி, நூல் கட்டிய பானையில் ஊற்றி வைத்தால் ஆறி ஆறிப் பனங்கற்கண்டு விளைகிறது. வாலிநோக்கம் உப்பளத்திலோ வெயில் கொளுத்தினால்தான் உப்பு. கடல் தண்ணீரையும் கொதிக்க வைத்து ஆறவிட்டால் உப்பு வந்துவிடாதா?
– வாசகர், சாயல்குடி

பதில்: வராது. விறகுதான் வீண்.

சர்க்கரைக்குச் சூடு என்றால் உயிர். 100 கிராம் தண்ணீரில் 20 டிகிரியில் சுமார் 200 கிராம் சர்க்கரை கரையும், அதே தண்ணீர் கொதிநிலையில் இருந்தால் 480 கிராமுக்கு மேல் உள்ளே போய்விடும். பதநீரில் இருப்பதும் பெரும்பாலும் இதே சர்க்கரைதான், அதனால் பாகு ஆறும்போது தாங்க முடியாத மிச்சம் வெளியே வந்து நூலைப் பிடித்துக்கொள்கிறது. உப்புக்கு அந்தக் கணக்கே இல்லை. சாதாரணச் சூட்டில் 36 கிராம், கொதிக்கும்போது 39, அவ்வளவுதான். கொதிக்கக் கொதிக்க உப்பைக் கரைத்து ஆறவிட்டாலும் 3 கிராம் தேறும். அதிலும் கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில்தான் உப்பு இருக்கிறது, இன்னும் சுமார் ஒன்பது மடங்கு கரைக்க அதில் இடம் கிடக்கிறது, பிறகு ஆறினால் எங்கிருந்து வரும்?

ஆக, பாத்தியில் வெயிலின் வேலை தண்ணீரை விரட்டுவது மட்டும்தான். காற்றும் கூட நிற்கும். நடுவில் ஒரு மழை அடித்தால் விளைந்ததும் கரைந்து போகும், அது உப்பளத்துக்காரர்களுக்குத் தெரிந்த வயிற்றெரிச்சல்.

ஏன் இந்த வித்தியாசம்? வயலுக்கு யூரியா கரைத்திருந்தால் கவனித்திருப்பீர்கள், வாளி ஜில்லென்று ஆகிவிடும். கரையும்போது அது தண்ணீரிலிருந்து சூட்டை இழுக்கிறது, அப்படி இழுக்கும் பொருளுக்கு நாமே சூடு கொடுத்தால் இன்னும் அதிகமாகக் கரையும். சர்க்கரையும் அந்த வகைதான். உப்பு இழுக்கும் சூடு ரொம்பக் கொஞ்சம், அதனால் சூடேற்றினாலும் பெரிதாக எதுவும் மாறாது.

“வெந்நீரில் உப்பு சட்டென்று கரைகிறதே” என்பீர்கள். சரிதான், ஆனால் அது வேகம், அளவு வேறு. கருவாட்டுத் தொட்டியின் அடியில் கரையாமல் கிடக்கும் கல்லுப்பை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தண்ணீரைச் சூடாக்கினாலும் அதில் முக்கால்வாசி அப்படியேதான் கிடக்கும்.

அப்புறம், கற்கண்டுப் பானையை 40 நாள் போல ஆடாமல் அசையாமல் வைப்பதும் காரணத்தோடுதான். மெதுவாக விளைந்தால்தான் கட்டி பெரிதாகும். நடுவில் திறந்து கிண்டிவிட்டால் பொடிப்பொடியாகத்தான் கிடைக்கும்.