இரும்புச்சத்து மாத்திரையையும் சின்டோபாவையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

பார்க்கின்சன் என்ற நடுக்க நோய்க்கான மாத்திரைதான் சின்டோபா. அதை இரும்போடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தசோகைக்கு மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் பாலக்கோட்டில் இருக்கும் அப்பாவுக்குக் காலையில் நடை தடுமாறுகிறது, கை நடுக்கம் கூடிவிட்டது என்கிறீர்கள். பார்க்கின்சன் முற்றிவிட்டதோ என்று கலங்குவதற்கு முன் இதைச் சரிசெய்து பாருங்கள்.

சின்டோபாவில் உள்ள லெவோடோபா என்ற முக்கிய மருந்தை இரும்பு குடலிலேயே பிடித்துக்கொள்ளும். ரத்தத்துக்குப் போய்ச்சேரும் மருந்து குறைந்துவிடும். காரணம் இதுவாக இருக்கலாம்.

காலையில் எழுந்ததும் சின்டோபாவை வெறும் தண்ணீரில் கொடுங்கள். அரை மணி நேரம் கழித்துச் சாப்பாடு. இரும்பு மாத்திரையை ஒரு வேளை சின்டோபாவுக்கும் அடுத்த வேளை சின்டோபாவுக்கும் நடுவில் தள்ளிவையுங்கள். எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, எப்போது நடை லேசானது என்று ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். டாக்டருக்கு அந்த நோட்டு ரொம்ப உதவும்.

அப்புறம், சத்து மாத்திரை ஏதாவது கொடுத்தால் அட்டையின் பின்பக்கம் பாருங்கள். பலவற்றில் இரும்பும் சேர்ந்தே இருக்கும். வைட்டமின் பி6 லெவோடோபாவின் பலனைக் குறைக்கக்கூடியது; ஆனால் கொஞ்சமாக இருந்தால் பயமில்லை, அதைத் தடுக்கும் கார்பிடோபா என்ற மருந்தும் சின்டோபாவில் இருக்கிறது. ராகிக் களியை நிறுத்த வேண்டாம். பருப்பு, முட்டை, கறி மாதிரிப் புரதம்தான் சிலருக்கு மருந்தோடு மோதும்.

எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், முக்கியமாகச் சின்டோபாவை. திடீரென்று நிறுத்தினால் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இடைவெளி விட்டும் நடை சரியாகவில்லை என்றால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். ரத்தசோகை எதனால் வந்தது என்றும் அங்கேயே கேளுங்கள்.