காலையில் வண்டி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால்… வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், 2011 மாடல் மெர்சிடிஸ் ஜிஎல் 350 டீசல் வண்டியை மூன்று வருடம் முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் வண்டி. இரண்டு மாதமாக, இரவு நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் முன்பக்க இடது மூலை நாலு விரல் இறங்கியிருக்கும். ஸ்டார்ட் செய்தால் எழுந்துகொள்ளும். போன வாரம் எழவே இல்லை. ஒருவர் காற்று அடிக்கும் கம்ப்ரஸர் போய்விட்டது என்கிறார், இன்னொருவர் நாலு மூலையையும் மாற்றச் சொல்கிறார், மூன்றாமவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சாதா ஸ்பிரிங் போட்டுவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் காற்று எந்த இடத்தில் போகிறது என்று ஒருவர்கூடத் தேடிப் பார்த்ததாகத் தெரியவில்லை. முதலில் மூலை இறங்கியிருக்கிறது, இரண்டு மாதம் கழித்துத்தான் வண்டி எழாமல் போயிருக்கிறது. இந்த வரிசையை வைத்துத்தான் நான் சொல்கிறேன், உங்கள் கம்ப்ரஸர் கெட்டிருந்தாலும் அது தானாகக் கெட்டிருக்காது. அது இடைவிடாமல் ஓடச் செய்த சாமான் இல்லை, கொஞ்ச நேரம் ஓடி நின்று ஆற வேண்டியது. ஒரு மூலையில் கசிவு இருந்தால் காலையிலும் ஓடும், சிக்னலில் நிற்கும்போதும் ஓடும், சூடேறி நிற்கும், ஆறியதும் திரும்ப ஓடும், இப்படியே ஓடி ஓடி உள்ளே தேய்ந்துபோகும், இல்லையென்றால் அதற்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே ஒட்டிக்கொண்டு மோட்டாரே கருகிவிடும். கசிவை அப்படியே விட்டுவிட்டுப் புது கம்ப்ரஸர் வாங்கிப் போட்டால் அதுவும் இதே வழியில்தான் போகும்.

அதனால் செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள், ரிலேயை மாற்றியதுமே கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்த வண்டிகள் உண்டு. வண்டி எழுந்ததும் நாலு சக்கரத்திலும் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள், மறுநாள் காலையில் அதே இடத்தில் திரும்ப அளந்து பாருங்கள். எந்த மூலை இறங்கியதோ அங்கே சோப்புத் தண்ணீர் அடியுங்கள். முன்பக்க ஸ்ட்ரட்டின் (காற்றுப்பையும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தலை, அதில் ஹோஸ் வந்து சேரும் இடம், ரப்பர் மடிந்து மடிந்து நிமிரும் அந்த வளைவு, இந்த மூன்று இடத்தையும் விடாதீர்கள். குமிழ் வந்தால் ஆள் கிடைத்துவிட்டது. ஹோஸ் இணைப்பில் மட்டும் கசிந்தால் உங்களுக்கு நல்ல காலம், ஸ்ட்ரட்டைத் தொடவே வேண்டியதில்லை. மூலைகளில் எங்கேயும் குமிழ் இல்லாமல் வண்டி மட்டும் இறங்கினால், காற்றை ஒவ்வொரு மூலைக்கும் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கைப் பாருங்கள்.

ரப்பர்தான் விரிசல் விட்டிருக்கிறது என்றால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சூடும் காற்றில் உள்ள ஓசோனும் சேர்ந்து ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும், இவ்வளவு வருடம் ஒரே இடத்தில் மடிந்த ரப்பர் அது. உங்கள் வண்டியில் முன்பக்கம் காற்றுப்பையும் ஷாக்கும் சேர்ந்த ஒரே உருப்படி, பின்பக்கம் பை தனி, ஷாக் தனி. அதனால் பின்னால் செலவு குறைவு, நாலையும் ஒரே நாளில் மாற்றச் சொல்வதற்கு நான் காரணம் எதையும் பார்க்கவில்லை. முன்பக்கத்தை மட்டும் ஜோடியாக மாற்றுங்கள், வலது பக்கத்துக்கும் அதே வயதுதான். பின்பக்கப் பைகளை ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது மடிப்பை விரித்துப் பாருங்கள், கீறல் தெரிந்தால் அப்போது முடிவு செய்யலாம்.

சாதா ஸ்பிரிங் யோசனையை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். 1957-இல் வந்த காடிலாக் எல்டொராடோ பிரோம் காருக்கே ஏர் சஸ்பென்ஷன் இருந்தது, கசிவுத் தொல்லை தாங்காமல் பலர் அப்போதே சுருள் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் உங்களுடையது சுமார் இரண்டரை டன் எடை, ஏழு பேர் உட்காரும் வண்டி. ஆளும் சாமானும் ஏறினாலும் பின்பக்கம் தாழாமல் மட்டமாக நிற்கிறதே, அது போய்விடும், உயரம் கூட்டுவதும் போய்விடும், எச்சரிக்கை விளக்கை அணைக்கத் தனியாக ஒரு மாட்யூல் வேண்டும். குடும்பத்தோடு மலைக்கும் ஊருக்கும் போகிற வண்டி என்றால் காற்றையே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் எண்ணம். பக்கத்தில் வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்க்கும் ஸ்கேனர் வைத்திருக்கிற ஆளே இல்லை என்றால் மட்டும் ஸ்பிரிங்கை யோசியுங்கள்.

கேள்வி: புது ஸ்ட்ரட் விலை கேட்டுத் தலை சுற்றுகிறது. ரீகண்டிஷன் செய்து தருகிறார்கள், நம்பலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: நம்பலாம், என்ன செய்து தருகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு. பல இடங்களில் ரப்பர் பையை மட்டும்தான் மாற்றுவார்கள், உள்ளே இருக்கும் ஷாக் உங்கள் பழைய ஷாக்கேதான். கழற்றியதும் அதில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, கையால் அழுத்தி இழுத்தால் ஒரே சீராகத் தடுக்கிறதா என்று நீங்களே பாருங்கள், இல்லையென்றால் புது ரப்பருக்குக் கொடுக்கிற காசு வீண். பையை இறுக்கும் வளையம் மெஷினில் அழுத்தியதாக இருக்க வேண்டும். சாதா ஹோஸ் கிளாம்பு போட்டுத் தந்தால் வாங்காதீர்கள், உள்ளே இருக்கும் அழுத்தம் டயரில் இருப்பதைப் போலப் பல மடங்கு. காற்று ஏற்றி ஒரு இரவு வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஷாக்கின் கடினத்தை மின்சாரத்தால் மாற்றும் எலக்ட்ரானிக் டேம்பிங் உள்ள வண்டி என்றால் ஸ்ட்ரட்டில் ஒயர் வரும், அது இல்லாத மாடலை மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

நல்ல சாமானையும் மாட்டும்போது கெடுத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். காலிப் பையின்மேல் வண்டியை இறக்கினால் ரப்பர் தப்பாக மடிந்து அன்றைக்கே கிழிந்துவிடும், எனவே சக்கரம் தொங்கும்போதே ஸ்கேனர் மூலம் காற்று ஏற்றி, பை ஒழுங்காக விரிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு இறக்கச் சொல்லுங்கள். ஹோஸ் முனையை நேராக வெட்டிப் புது ஃபிட்டிங் போடட்டும். கம்ப்ரஸரில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் இருக்கும், அவை பழசாகிவிட்டால் ஈரம் வால்வு பிளாக்குக்குள் போய்த் துரு பிடிக்கும், கையோடு அதையும் பார்த்துவிடட்டும். கடைசியில் சரியான உயரத்தை ஸ்கேனரில் பதிய வைத்துக் காலிப்ரேட் செய்யாமல் வண்டியை எடுத்து வராதீர்கள்.

கேள்வி: ஏர் சஸ்பென்ஷன் உள்ள என் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 நிறுத்தி வைத்திருக்கும்போதே தானாக இறங்குகிறது. மெக்கானிக் வெறும் ஜாக்கியில் தூக்கிக் கீழே படுத்துப் பார்க்கிறார். ஆபத்தா?
- வாசகர், சேலம்

பதில்: ஆபத்துதான். அந்த வண்டி நிறுத்திய பிறகும் இடையிடையே விழித்து, எந்த மூலை தாழ்ந்திருக்கிறதோ அதற்கு ஏற்ற மாதிரி மற்ற மூலைகளின் காற்றை வெளியே விடும். கசிவு தேடும்போதும் இதனால் குழப்பம் வரும், இரவில் சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றி வைத்தால்தான் எந்த மூலை என்று தெளிவாகத் தெரியும். ஹோஸைக் கழற்றும் நொடியில் வண்டி அப்படியே தரைக்குப் பக்கத்தில் வந்துவிடும். சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டு வைக்காமல் யாரையும் படுக்க விடாதீர்கள், அவர் "பரவாயில்லை சார்" என்று சொன்னாலும் விடாதீர்கள்.