தீவுச் சுறா பற்றிய பழைய பதிவை நம்பலாமா?

கேள்வி: அட்லாண்டிக் நடுவே உள்ள செயின்ட் பால் பாறைகளின் மீன் பட்டியல் ஒன்றைத் தொகுக்கிறேன். இணையத் தரவுத்தளங்களில் அங்கே கலாபகோஸ் சுறா இருந்ததாகப் பழைய பதிவுகள் கிடைக்கின்றன. அப்படியே சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பதிவுக்கு ஆதாரமாக ஒரு உடல் எங்காவது இருக்கிறதா, இல்லை யாரோ பார்த்ததாகச் சொன்னதுதானா என்று முதலில் பாருங்கள். 1832 பிப்ரவரியில் டார்வின் அங்கே போனபோது, தூண்டிலில் மாட்டிய மீனுக்காக மாலுமிகளும் சுறாக்களும் மல்லுக்கட்டியதை எழுதியிருக்கிறார். அன்றைக்குச் சுறா ஏராளம் என்பதற்கு இது நல்ல சாட்சி, ஆனால் என்ன சுறா என்பதற்கு இல்லை. கலாபகோஸ் சுறாவுக்கு அறிவியல் பெயர் வைத்ததே 1905இல்தான், அதனால் 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் அது பின்னால் வந்த யாரோ செய்த வேலை.

சரி, உடலோ படமோ இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு முதுகுத் துடுப்புகளுக்கும் நடுவே தோலில் மெல்லிய முகடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், பார்க்க இதைப் போலவே இருக்கும் கிரே ரீஃப் சுறாவை ஒதுக்கிவிடலாம். சில்கி சுறாவுக்கும் முகடு உண்டு, ஆனால் அதன் முதல் முதுகுத் துடுப்பு மார்புத் துடுப்பின் பின்நுனியையும் தாண்டித்தான் தொடங்கும். உண்மையான தலைவலி டஸ்கி சுறா. தண்ணீருக்கடியில் எடுத்த படத்தை வைத்து அதையும் கலாபகோஸையும் பிரித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். வால் தொடங்கும் இடம் வரை முள்ளெலும்புகளை எண்ணினால் தெரிந்துவிடும்: டஸ்கிக்கு 86 முதல் 97, கலாபகோஸுக்கு 103 முதல் 109. பெரிய சுறா என்றால் அருங்காட்சியகத்தில் பெரும்பாலும் தாடை மட்டும்தான் கிடக்கும், அதில் எதை எண்ணுவது? டிஎன்ஏ பார்த்துவிடலாமே என்பீர்கள். இனத்தை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ துண்டு (பார்கோடு) இந்த இரண்டையும் பிரிக்காது, செல்லின் உட்கருவில் உள்ள டிஎன்ஏ தேவை.

அப்புறம் பெயர்க் குழப்பம். 1982இல் கேரிக் என்ற ஆய்வாளர் இந்தச் சுறாக்கள் அடங்கிய 'கார்கரைனஸ்' பேரினம் முழுவதையும் திருத்தி எழுதினார், அதற்கு முந்தைய பட்டியல் எதையும் இன்றைய பெயராக எடுத்துக்கொள்ள முடியாது. பசிபிக் பகுதிப் பழைய கட்டுரைகளில் 'கார்கரைனஸ் மெனிசோரா' என்று கிரே ரீஃப் சுறாவைத்தான் எழுதினார்கள், இன்று அந்தப் பெயர் சில்கி சுறாவின் கணக்கில் இருக்கிறது. தரவுத்தளம் தானாகப் பெயரை மாற்றிப்போட்டால், கிரே ரீஃப் சுறா சத்தமில்லாமல் சில்கி ஆகிவிடும்.

இடத்தையும் விடாதீர்கள். செயின்ட் பால் என்ற பெயரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் ஒரு தீவு, அலாஸ்காவில் இன்னொன்று. கோகோஸ், கிறிஸ்துமஸ் தீவுகளுக்கும் இதே கதைதான்.

'இப்போது அங்கே இல்லை' என்ற முடிவையும் இதே கண்டிப்போடு பாருங்கள். 2011இல் ஒரு ஆய்வு பழைய பயணக் குறிப்புகளைப் பின்னாளைய முக்குளிப்புகளோடு ஒப்பிட்டு, அந்தப் பாறைகளில் பாறைச் சுறாக் கூட்டம் அற்றுப்போனது என்று முடிவுகட்டியது. எண்ணிக்கை சரிந்ததைக் காட்ட டார்வின் குறிப்பு தாராளமாகப் போதும், எந்த இனம் சரிந்தது என்பதற்கு வேறு சான்று கேளுங்கள்.

உங்கள் பட்டியலில் இரண்டு நெடுவரிசை வையுங்கள், மூலத்தில் இருந்த பெயர் அப்படியே ஒன்றில், நீங்கள் ஏற்கும் பெயர் இன்னொன்றில். உறுதியாகாதவற்றுக்கு 'கார்கரைனஸ், இனம் தெரியவில்லை' என்றே எழுதுங்கள். பதிவில் அருங்காட்சியக மாதிரியின் எண் கிடைத்தால் அந்த அருங்காட்சியகக் காப்பாளருக்கு மின்னஞ்சல் போட்டு, முழு உடலா என்று கேட்டு, ஆமென்றால் முள்ளெலும்புகளை எண்ண எக்ஸ்ரே கேளுங்கள்.