சிங்கப்பூரில் சிறிய அளவில் மரம் வெட்டும் தொழில் தொடங்க என்ன கருவிகள் வாங்குவது?

நீங்களும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து தொடங்கப் போவதாகவும், கையில் 25,000 வெள்ளி இருப்பதாகவும், அதில் பாதியைப் போட்டுக் கிளைகளைச் சில்லுகளாக்கும் சிப்பர் ஒன்று வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முதல் வருடம் சிப்பரை வாடகைக்கு எடுங்கள். கயிற்றுக்கும் ஏறுபவரின் இடுப்பு வாருக்கும் முதலில் காசு ஒதுக்குங்கள்.

நான் ஒன்பது வருடம் ஒரு கம்பெனியில் மரம் ஏறிவிட்டுத் தனியாக வந்தவன். நம்மைப் போன்ற சிறியவர்களுக்கு ஆரம்பத்தில் கிடைப்பது தரைவீட்டு வேலைதான். சாலையோரத்து அங்சானாவும் தூங்குமூஞ்சியும் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. அவை பெரிய ஒப்பந்தக்காரர்களுக்குப் போகும். நம்மைக் கூப்பிடுபவர் வீட்டில் பெரும்பாலும் ஒரு மாமரமோ ரம்புத்தானோ கொல்லைப்புறத்தில் வளர்ந்து, பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் சாய்ந்திருக்கும். பின்னால் போக மூன்றடிச் சந்துதான். ஆளை மேலே தூக்கும் பூம் லிஃப்ட் வண்டி, சிப்பர் எதுவும் அதில் நுழையாது. ஆள் ஏறி, துண்டு துண்டாக வெட்டி, கயிற்றில் கட்டி இறக்க வேண்டும்.

நான் தொடங்கிய இரண்டாம் மாதம், ஒரு மாங்கிளையைச் சாதாரண நைலான் கயிற்றில் கட்டி இறக்கினேன். கிளை ஒரு மீட்டர்கூடச் சரியவில்லை, கயிறு அறுந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஓடுகள் நொறுங்கின. கீழே கயிறு பிடித்திருந்த தம்பி இரண்டடி தள்ளி நின்றதால் பிழைத்தான். ஓட்டுக்குக் காசு கட்டிவிட்டேன். ஆனால் அவன் முகம் அன்று வெளுத்துப் போனதை இன்றும் மறக்க முடியவில்லை. 40 சென்டிமீட்டர் விட்டம், ஒரு மீட்டர் நீளம் உள்ள பச்சைத் துண்டு ஒன்று 100 கிலோவைத் தாண்டும். அது விழுந்து கயிற்றில் சுண்டி நிற்கும் நொடியில், அந்த எடையைப் போலப் பல மடங்கு இழுவையைக் கயிறு தாங்க வேண்டும்.

அதனால் ஏறுவதற்கு ஒரு கயிறு, இறக்குவதற்கு வேறு கயிறு, இரண்டும் வேறு வேறு நிறத்தில் வாங்குங்கள். சரக்கு இறக்கிய கயிற்றில் ஒருநாளும் ஆள் தொங்கக் கூடாது. ஏறும் கயிற்றில் ‘இஎன் 1891 ஏ’ என்ற ஐரோப்பியத் தரக்குறி இருக்கிறதா பாருங்கள். அந்தத் தரத்துக்குக் குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 2,200 கிலோ எடை இழுவையைத் தாங்க வேண்டும். இறக்கும் கயிற்றோடு ஒரு நல்ல கப்பியும், மரத்தின் அடியில் கட்டும் உராய்வு உருளையும் வேண்டும். உருளையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால், கனமான கிளையை ஒரே ஆள் மெதுவாக இறக்கிவிடலாம். முதலில் அதை அநாவசியச் செலவு என்று நினைத்தேன். இப்போது அது இல்லாமல் வேலைக்குப் போவதில்லை.

இடுப்பு வாரைக் கடையிலேயே மாட்டிக் கால் மணி நேரம் தொங்கிப் பாருங்கள். தொடை மரத்துப்போனால் வேறு அளவு கேளுங்கள். வெட்டும்போது ஆள் ஏறும் கயிற்றோடு, உள்ளே எஃகு வடம் ஓடும் பக்கவாட்டுக் கயிற்றையும் மாட்டியிருக்க வேண்டும். ஹெல்மெட்டுக்குத் தாடை வார் வேண்டும். இவற்றில் எதையும் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி.

செயின் சா இரண்டு போதும். மேலே கொண்டுபோக, மேல் கைப்பிடி வைத்த சின்னது. கீழே அடிமரத்துக்கு, சங்கிலி சுற்றி ஓடும் பட்டை 18 அங்குலம் உள்ளது. ஸ்டில், ஹஸ்க்வார்னா இரண்டு கம்பெனியுமே நல்லவை. உதிரிப்பாகம் உடனே கிடைக்கும் கடை எது உங்களுக்குப் பக்கமோ அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மேலே போவதைப் பேட்டரியில் வாங்கினால் மரத்தில் தொங்கிக்கொண்டு கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை, அக்கம்பக்கத்தாருக்கும் சத்தம் குறைவு. வட்ட அரம் ஒன்று பையில் இருக்கட்டும். சங்கிலி சில்லுகளாகத் தள்ளாமல் மாவாகத் தள்ளினால் மழுங்கிவிட்டது என்று பொருள். அப்புறம், சின்னக் கிளைகளுக்கு ஜப்பானியக் கைவாள் ஒன்று வாங்குங்கள். நான் பாதி வேலையை அதிலேயே முடிப்பேன். காலில் கட்டி ஏறும் இரும்பு முள்ளை, அடியோடு வெட்டப்போகும் மரத்துக்கு மட்டும் போடுங்கள். வாழும் மரத்தில் அது போடும் ஓட்டை வழியாக நோய் நுழையும்.

வாங்கும் பட்டியலோடு, உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சிக் கட்டணத்தையும் சேர்த்துவிடுங்கள். 3 மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்புள்ள வேலைக்கு, தொடங்கும் முன்பே எழுத்தில் அனுமதி பெறும் ‘பெர்மிட் டு வொர்க்’ முறை இங்கே கட்டாயம். அரசு குறித்துவைத்திருக்கும் மரப் பாதுகாப்பு வட்டாரத்தில் அடிமரச் சுற்றளவு 1 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை, வீட்டுக்காரர் சொன்னாலும், பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது.

லாரியும் முதலில் வாடகைக்கே எடுங்கள். தழைக்கழிவைக் கொட்டும் இடத்தில் எடை போட்டுக் காசு வாங்குவார்கள். மழையில் நனைந்த தழைக்கு எடை அதிகம் என்பதால் விலை சொல்லும்போது அதையும் கணக்கில் வையுங்கள். சிப்பர் வாடகைக்கு எடுத்த நாட்களை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பன்னிரண்டு மாத வாடகையைக் கூட்டிப் பார்த்த பிறகு, சொந்தமாக வாங்குவதா என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.