கூரையும் வைகுண்டமும்

வணக்கம் ஐயா,

இளம் நிறுவனங்களின் ஏற்றுமதி பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். என் அக்கா மகன் கோவையில் மென்பொருள் நிறுவனம் தொடங்கி இரண்டு வருடமாகிறது. உள்ளூரில் ஒரு வாடிக்கையாளர்கூடக் கிடையாது. வாயைத் திறந்தால் அமெரிக்கா, ஜெர்மனிதான். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம் என்ற கதைதானே இது? இவர்களுக்கு வரிப்பணத்தில் மானியம் எதற்கு?

செ., கரூர்

அன்புள்ள செ.,

உங்கள் பழமொழியை ஆய்வாளர்களும் நெடுநாள் நம்பினார்கள். முதலில் உள்நாடு, பிறகு பக்கத்து நாடு, அப்புறம் தூரதேசம் என்று நிறுவனங்கள் படிப்படியாகப் போகும் என 1977-இல் ஸ்வீடனின் யோஹான்சனும் வால்னேயும் எழுதினார்கள். மென்பொருளுக்கு இது பொருந்தவில்லை. சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃபிரெஷ்டெஸ்க் என்ற மென்பொருள் நிறுவனத்துக்கு முதல் வாடிக்கையாளர் கிடைத்தது ஆஸ்திரேலியாவில். அந்தத் தொழிலில் கூரையே இல்லை, எல்லாம் வானம்தான்.

மானியக் கேள்விதான் கனமானது. ஏற்றுமதி செய்கிற நிறுவனங்கள் மற்றவற்றைவிடத் திறமையானவை என்று பல நாட்டுப் புள்ளிவிவரங்களும் காட்டுகின்றன. ஆனால் வெளிநாடு போனதால் திறமை வந்ததா, திறமை இருந்ததால் போனார்களா? கொலம்பியா, மெக்சிகோ, மொராக்கோ ஆலைகளை ஆராய்ந்து 1998-இல் வந்த கட்டுரை, பெரும்பாலும் இரண்டாவதுதான் என்றது. அப்படியென்றால் மானியம் வீண்.

2017-இல் வெளியான எகிப்து ஆய்வு இதைப் புரட்டிப்போட்டது. கரூர்க்காரரான உங்களுக்கு இது பிடிக்கும். ஃபுவா என்ற ஊரில் கம்பளம் நெய்யும் சிறு பட்டறைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் வெளிநாட்டு ஆர்டருக்கு வழிசெய்தார்கள் அட்கின், கண்டேல்வால், உஸ்மான் என்ற மூவர். ஆர்டர் கிடைத்தவர்களின் லாபம் 16 முதல் 26 சதவீதம் கூடியது. ஆனால் ஒரு மணி நேரத்தில் நெய்யும் அளவு குறைந்தது! தரமான கம்பளத்துக்கு நேரம் பிடிக்கும் அல்லவா. பிறகு எல்லா நெசவாளர்களையும் ஒரே இடத்துக்கு வரவழைத்து, ஒரே மாதிரித் தறி, ஒரே நூல் கொடுத்து, ஒரே வடிவத்தை நெய்யச் சொன்னார்கள். ஏற்றுமதி செய்தவர்கள் கூடுதல் நேரம் எடுக்காமலேயே மேலான கம்பளம் நெய்தார்கள். வாங்குபவர்களின் குறைகளை இடைத்தரகர் வந்து சொல்லச் சொல்லக் கை தேறியிருந்தது.

சிலியின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 2010-இல் தொடங்கிய 'ஸ்டார்ட்-அப் சிலி' திட்டத்தில் இளம் நிறுவனங்களுக்கு, அவற்றில் பங்கு ஏதும் கேட்காமல், அந்நாட்டு அரசு சுமார் 40,000 டாலர் கொடுத்தது. பணமும் உட்கார இடமும் மட்டும் பெற்ற நிறுவனங்களிடம் பெரிய மாற்றம் தெரியவில்லை. கூடவே வழிகாட்டலும், அவ்வப்போது கணக்குக் கேட்கும் ஆட்களும் வாய்த்த நிறுவனங்கள் வளர்ந்தன.

ஆகவே ரொக்க மானியத்தில் எனக்கும் நம்பிக்கை குறைவு. முதல் வெளிநாட்டு ஆர்டரைப் பிடித்துக்கொடுக்கச் செலவிடுங்கள் என்றால் கையெழுத்துப் போடுவேன். உங்கள் அக்கா மகனுக்குக் குறை சொல்லி ஜெர்மனியிலிருந்து இதுவரை ஒரு மின்னஞ்சலாவது வந்திருக்கிறதா? கேட்டு எழுதுங்கள்.